சிலைகள் வீழ்ந்த நகரில் ஒரு மறையுரையாளர்: யோவான் கிறிசோஸ்தோமின் கண்டிப்பும் பரிவும் (கி.பி. 387)

கிறித்தவ மறையுரை மரபில் கடிந்துரைத்தலும் ஆறுதல் கூறலும் இருவேறு பணிகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. முன்னதன் கடுமையைப் பின்னது தணிக்கும் என்பது பொதுவான எண்ணம். கி.பி. 387ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சிரியாவின் அந்தியோக்கியா நகரில் யோவான் கிறிசோஸ்தோம் நிகழ்த்திய ‘சிலைகள் பற்றிய மறையுரைகள்’ இவ்வெண்ணத்துக்கு எளிதில் அடங்குவன அல்ல. மரபுவழி 21 எனக் கணக்கிடப்படும் இவ்வுரைகளில் கண்டிப்பே ஆறுதலின் வேலையையும் செய்கிறது. அது எவ்வாறு இயன்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரரசர் தெயோதோசியுஸ் விதித்த புதிய வரியை எதிர்த்து அவ்வாண்டின் தொடக்கத்தில் நகரில் கலகம் மூண்டது. அரச குடும்பத்தாரின் ஓவியங்கள் கல்லெறிபட்டன. பேரரசர், மறைந்த அரசி பிளாக்கில்லா ஆகியோரின் வெண்கலச் சிலைகள் வீழ்த்தப்பட்டுத் தெருக்களில் இழுத்துச் செல்லப்பட்டன. அரங்குகளில் கூலிக்குக் கைதட்டிய குழுவினர்க்கு இதில் இருந்த பங்கை இராபர்ட் பிரவுனிங் 1952இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. அரசனின் படிமத்தை இழிவுசெய்வது அரசனையே தாக்குவதற்கு ஒப்பாகும். எனவே நகரம் முழுவதும் அழிக்கப்படலாம் என்ற அச்சம் பரவியது. பலர் கொல்லப்பட்டனர், பலர் மலைகளுக்கும் வயல்களுக்கும் ஓடினர். முதியவரான ஆயர் பிளாவியன், இறக்கும் தறுவாயிலிருந்த தம் தமக்கையையும் விட்டுவிட்டு, மன்னிப்பு வேண்டித் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்பட்டார். குருப்பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த யோவானின் தோள்மீது மறையுரை மேடை விழுந்தது.

கலகத்துக்குப் பின் அவர் ஏழு நாள் பேசவில்லை. மீண்டும் பேசத் தொடங்கியபோது, துயருற்ற யோபுவின் அருகே ஏழு நாள் வாய்திறவாது அமர்ந்திருந்த நண்பர்களைத் தமக்கு உவமையாக்கிக்கொண்டார். இவ்வுவமை கூர்ந்து நோக்கத்தக்கது. அந்நண்பர்கள் வாய்திறந்தபின் யோபுவைக் குற்றவாளியாக்கினர் என்பதை மறைநூல் அறிந்த எவரும் நினைவுகூர்வர். யோவான் அவர்களிடமிருந்து மௌனத்தை எடுத்துக்கொண்டார்; ஆயினும் அவரும் குற்றம் சாட்டவே செய்தார். கலகத்துக்குச் சற்று முன் நிகழ்த்திய முதல் உரையின் இறுதியில், இறைவனைப் பழிப்போரைத் தடுத்து நிறுத்துமாறு அவர் கேட்டிருந்தார். மக்கள் செவிசாய்க்கவில்லை, சிலர் செய்த பிழையின் பழி இப்போது எல்லார் மீதும் விழுந்தது என்று இரண்டாம் உரையில் நேரடியாகவே கூறினார். உறவினரைப் பறிகொடுத்தோர் முன்னிலையில் சொல்லப்பட்ட சொல் இது. அது கொடுமையாகத் தோன்றாமற்போனதற்குக் காரணம் உண்டு. அந்நகரிலேயே பிறந்தவர் அவர். நகருக்கு வரும் தண்டனை அவருக்கும் வரும். அவ்வுரையின் பெரும்பகுதி ஒரு மகனின் புலம்பலாகவே அமைகிறது.

அடுத்து வந்த வாரங்களில் அவர் வலியுறுத்திய திருத்தம் கலகத்தைப் பற்றியதன்று. அன்றாடப் பேச்சில் ஆணையிடும் பழக்கத்தைக் கைவிடுமாறே திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். கழுத்துக்கு மேல் வாள் தொங்கும்போது ஆணையிடுதல் பற்றிய பேச்சா என ஆய்வாளர் சிலருக்கு வியப்பு எழலாம். என் கருத்தில், பரிவு மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் இதுவே. பேரரசரின் முடிவு மக்கள் கையில் இல்லை. தம் நாவு அவர்கள் கையில் இருந்தது. செய்ய இயலாததைக் கேட்டு வதைக்காமல், கடைத்தெருவிலும் வீட்டிலும் இன்றே தொடங்கக்கூடிய ஒன்றை அவர் கேட்டார். சவுலின் ஆணை யோனத்தானைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுசென்றதையும், ஏரோதின் ஆணை திருமுழுக்கு யோவானின் தலையைக் கொய்ததையும் எடுத்துக்காட்டினார். கேட்போர் சலித்தாலும் விடவில்லை.

இம்முறைக்கான கோட்பாட்டை அவரது ‘குருத்துவம்’ என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் காணலாம். ஆடு நோயுற்றால் மேய்ப்பன் அதைக் கட்டிவைத்துச் சுடுகோல் இடலாம். மனிதரை அவ்வாறு செய்ய இயலாது, நோயாளி தானே இசைந்து மருந்தை ஏற்க வேண்டும் என்கிறார் அங்கே. வற்புறுத்தும் அதிகாரம் இல்லாத இடத்தில் அளவறிந்து வெட்டுவதே மருத்துவம்.

ஆயினும் அவர் எப்போதும் அளவோடு பேசினார் என்பதற்கில்லை. படைகள் வருகின்றன என்ற வதந்தியால் மக்கள் ஓட முற்பட்டபோது, கிறித்தவரல்லாத ஆளுநர் கோவிலுக்குள் வந்து அவர்களைத் தேற்றினார். ஆளுநரின் செயலைப் பாராட்டிய யோவான், பிற சமயத்தாருக்கு அஞ்சாமையைக் கற்பிக்க வேண்டிய நீங்கள் அவரிடம் கற்க நேர்ந்ததே எனத் தம் மக்களை வெட்கமுறச் செய்தார். பதினாறாம் உரையின் இப்பகுதியில் புண்பட்ட தன்மானத்தின் குரலும் கலந்திருக்கிறது. இதற்கு மாறாக, விசாரணை மன்றத்தின் வாயிலில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனின் தாயும் சகோதரியும் தரையில் புரண்டதை விவரிக்கும் பதின்மூன்றாம் உரையில் அவர் கண்டதைச் சொல்பவராகவே நிற்கிறார். இறுதித் தீர்ப்பு பற்றிய எச்சரிக்கை அக்காட்சிக்குப் பின்னரே வருகிறது.

இதே நிகழ்வைப் பற்றி நாவலர் லிபானியஸும் உரைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று நகரைவிட்டு ஓடியவர்களைச் சாடுகிறது. மன்னிப்புக் கிடைத்த புகழை லிபானியஸ் விசாரணை அதிகாரி சீசரியஸுக்கு அளிக்க, யோவான் ஆயர் பிளாவியனுக்கு அளிக்கிறார். உரைகளின் வரிசை குறித்து விவாதம் நிலவுகிறது. பிரான்ஸ் வான் த பாவெர்டின் 1991ஆம் ஆண்டு ஆய்வு இதனை விரிவாக ஆராய்கிறது.

இப்பரிவின் எல்லையையும் காட்டாவிட்டால் சித்திரம் பொய்யாகிவிடும். கி.பி. 386, 387ஆம் ஆண்டுகளில் இதே நகரில் இதே மேடையிலிருந்து, ‘யூதருக்கு எதிராக’ என வழங்கும் எட்டு உரைகளையும் யோவான் நிகழ்த்தினார். யூத விழாக்களுக்குச் சென்ற கிறித்தவரை மீட்பதே அவற்றின் நோக்கம். அவர்களை நோயுற்ற உறுப்பினராகவே அவர் கண்டார், மருத்துவ உவமையும் அங்கு உண்டு. யூதரையோ அவர் வசைச்சொற்களால் மட்டுமே குறித்தார். அவர்கள் கேட்போராக அங்கு அமர்ந்திருக்கவில்லை. அவர்தம் துயரில் பங்குகொள்ளும் மகனாக யோவான் தம்மைக் கருதவுமில்லை. பிற்காலத்தில் அவ்வுரைகள் யூத வெறுப்புக்குச் சான்றாதாரமாகப் பலமுறை எடுத்தாளப்பட்டன.