முன்னுரிமை வாக்கெடுப்பு

ஒரு கூட்டத்தின் முன் பல யோசனைகள் குவியும்போது எதை முதலில் எடுப்பது என்று வாக்கால் முடிவுசெய்யும் முறை இது. அமெரிக்காவில் டெல்பெக், வான் டி வென் என்ற ஆய்வாளர்கள் 1971-இல் வெளியிட்ட வடிவம் பெயர் பெற்றது: அவரவர் யோசனையை முதலில் பேசாமல் எழுதுவார்கள்; பிறகு முறைவைத்துச் சொல்லி, விளக்கம் கேட்டு, கடைசியில் தரவரிசை இடுவார்கள். உரக்கப் பேசுபவர் முந்திக்கொள்வதை அந்த மௌனம் தடுக்கிறது. 1980-களின் இறுதியில் இந்தியக் கிராமங்களில் வளர்ந்து, ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் வழியாகப் பரவிய பங்கேற்பு ஊரக மதிப்பீட்டில் எழுத்தும் தேவைப்படவில்லை. மண்தரையில் கட்டம் கீறி, சாலைக்கு ஒரு கல், குடிநீருக்கு ஒரு குவளை, மதகுக்கு ஒரு குச்சி என அடையாளம் வைத்தால், வந்தவர்கள் புளியங்கொட்டைகளைப் பங்கிட்டு வைப்பார்கள். எண்ணுவது எல்லார் கண்முன்னும் நடக்கும். அங்கே ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே அமர்த்தி எண்ணும் வழக்கமும் உண்டு. இந்த வரலாற்றில் முக்கியமான படி அதுதான்: யாரை யாரோடு சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு நியாயமாகிறது.

ஊரைப் பகுதி பிரித்துப் பார்ப்பதற்கு, பறவைகள் சரணாலயமுள்ள வேடந்தாங்கலுக்கு அருகிலுள்ள உத்திரமேரூர் பழைய சான்று. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளின்படி (919, 921) ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் பெயரோலைகளைத் தனிக்கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஓர் ஓலையைச் சிறுவன் எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படித்தான். அப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். இது திருவுளச்சீட்டுதானே, வாக்கு அல்லவே என்பது சரியான ஆட்சேபம். நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பது அதைவிடக் கனமானது. அந்தச் சபையை இன்றைய மக்களாட்சியின் முன்மாதிரியாகக் கொண்டாட முடியாது. ஆயினும் எந்தக் குடும்பும் விடுபடாதபடி பகுதிவாரியாகத் தேர்ந்த ஏற்பாடு அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது.

பிரித்து எண்ணினால் ஊர் பிளவுபடும் என்பார்கள். பிளவு ஏற்கெனவே இருக்கிறது. மொத்தமாக எண்ணினால் அது மறைகிறது, அவ்வளவே. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீரால் வயல் செழிக்கும் வேடந்தாங்கல் போன்ற ஊரில் ஏரிப் பாசன நிலமுள்ள ஆயக்கட்டுக்காரருக்கு மதகு முதன்மை. நிலமில்லாத வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் முதன்மை. தலை எண்ணிக்கை மட்டும் பார்த்தால் சிறிய தெரு ஆண்டுதோறும் தோற்கும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் கீழ் கூடும் கிராம சபைகள், தீர்மானத்துக்குக் கைதூக்கும் முன் தெருவாரியாகவும், பெண்கள் கருத்தைத் தனியாகவும் எண்ணி, அந்த எண்களையும் தீர்மான நோட்டில் எழுதட்டும்.