ஆற்காட்டிலிருந்து அமீர் மகால் வரை: நவாப் குடும்ப மாளிகைகளின் வரலாறு

சென்னை இராயப்பேட்டையில் ஏறத்தாழ 14 ஏக்கர் வளாகத்தில் அமைந்துள்ள அமீர் மகால், ஆற்காட்டு இளவரசர் குடும்பத்தின் இல்லம். பாலாற்றங்கரையில் கோட்டை வைத்து ஆண்ட நவாப் மரபு, ஆட்சியை இழந்தபின் விக்டோரியா காலச் சென்னையில் பெற்ற இடம் இது. அம்மரபின் அரசியல் நிலை மாறிய போக்கை ஆற்காடு, சேப்பாக்கம், இராயப்பேட்டை ஆகிய மூன்று இடங்களின் கட்டடங்கள் வரிசையாகக் காட்டுகின்றன.

கர்நாடக நவாபுகளின் தலைநகரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாததுல்லா கானால் செஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்கு மாற்றப்பட்டது. 1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டபின், அவர் மகன் முகம்மது அலி வாலாஜா ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையை நாடினார். 1751இல் கம்பெனிப் படைத்தலைவர் இராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றி, முற்றுகையையும் தாங்கி நின்றது வாலாஜாவின் ஆட்சி நிலைபெற உதவியது. அதே உதவி அவரைக் கம்பெனியின் கடனாளியாகவும் ஆக்கியது. கோட்டை பின்னர் அழிந்தது. டெல்லி வாசல் அதன் எச்சமாக நிற்கிறது.

கம்பெனியின் பாதுகாப்பை ஒட்டி வாழ விரும்பிய வாலாஜா, 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை அமைத்தார். கல்சா மகால், ஹுமாயூன் மகால் என்ற இரு பகுதிகளைக் கொண்ட அதன் வடிவமைப்பு பொறியாளர் பால் பென்ஃபீல்டுடையது எனக் கருதப்படுகிறது. இந்தோ-சாரசெனிக் பாணிக்கு முன்னோடியாக இக்கட்டடத்தைக் கொள்வர்.

1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் சென்றது. நவாபுக்குப் பட்டமும் உதவித்தொகையுமே எஞ்சின. 1855இல் குலாம் முகம்மது கவுஸ் கான் வாரிசின்றி இறந்ததும், வாரிசில்லா ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் அவகாசியிலிக் கொள்கைப்படி நவாப் பட்டமும் நீக்கப்பட்டது. ஏலத்துக்கு வந்த சேப்பாக்கம் அரண்மனையைச் சென்னை அரசே வாங்கிக்கொண்டது. குடும்பம் திருவல்லிக்கேணியில் ஷாதி மகால் என்ற வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. கடைசி நவாபின் சிற்றப்பா அசீம் ஜாவை ஆற்காட்டு இளவரசராக ஏற்று, 1870இல் விக்டோரியா அரசியார் உரிமைப் பட்டயம் வழங்கினார்.

இளவரசருக்குத் தகுந்த வீடாக, 1798இல் கம்பெனி அலுவலகத்துக்கென எழுந்த இராயப்பேட்டைக் கட்டடத்தை அரசு ஒதுக்கியது. அதை மாளிகையாக மாற்றும் பொறுப்பு கட்டடக் கலைஞர் இராபர்ட் சிஷோமிடம் வந்தது. சேப்பாக்கம் அரண்மனையை வருவாய் வாரிய அலுவலகத்துக்கென விரித்து, இரு மகால்களுக்கும் இடையே கோபுரம் எழுப்பியவரும் அவரே. நவாபின் அரண்மனை அரசு அலுவலகமானதும், அரசு அலுவலகம் நவாப் குடும்பத்தின் மாளிகையானதும் ஒரே கலைஞர் கையால் நிகழ்ந்தன. சேப்பாக்கத்தின் வளைவுகளையும் குவிமாடங்களையும் கண்டு பழகிய சிஷோம், அச்சாயலைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்திலும் கொண்டுவந்தார். ஆட்சி இழந்த மரபின் கட்டடப் பாணி இவ்வாறு ஆங்கிலேய அரசின் பொதுக் கட்டடப் பாணியாயிற்று.

1876இல் குடும்பம் அமீர் மகாலில் குடியேறியது. இரு உயர்ந்த கோபுரங்கள் கொண்ட நுழைவாயில், முரசறைவோருக்கான நவ்பத் கானா, முன்னோரின் ஓவியங்கள் தொங்கும் தர்பார் மண்டபம் ஆகியவை ஆட்சிக் கால வழக்கங்களைக் கட்டட வடிவில் தொடர்ந்தன.

1971இல் இந்திய அரசு மன்னர் மானியத்தை ஒழித்தபோது இக்குடும்பம் பாதிக்கப்படவில்லை. 1947க்குப்பின் இணைந்த சமஸ்தானங்களுக்குத் தரப்பட்ட மானியம் வேறு. 1870 பட்டயத்தால் வந்த பரம்பரை உதவித்தொகை வேறு. அதனால் இளவரசர் பட்டமும் அமீர் மகாலில் குடியிருக்கும் உரிமையும் குடும்பத்திடம் நீடித்தன.