கறக்கிற கை

1937ஆம் வருடத் தொடக்கத்தில் இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே, பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானில் அடிபட்டுத் தேய்ந்த மாலிப்டினத் தகடு. குப்பைக்குப் போகவேண்டிய சாமான். அதற்குள் எமிலியோ செக்ரேவும் கார்லோ பெரியரும் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார்கள். பின்னாளில் அதற்கு டெக்னீசியம் என்று பெயர் வந்தது.

இது எப்படித் திண்டிவனத்துக்கு வந்து சேரும்னு கேட்கலாம். சேரும்.

அந்தத் தனிமத்தின் ஒரு வடிவம் டெக்னீசியம்-99எம். ஊசியில் ஏற்றினால் உடம்புக்குள்ளிருந்து காமாக் கதிர் வரும், கேமரா அதைப் படமாக்கும். ஆறு மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். நோயாளிக்கு நல்லதுதான். ஆனா தூரத்து ஆஸ்பத்திரிக்கு எப்படி அனுப்புவது? 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் வழி கண்டது. 66 மணி நேரத்தில் பாதியாகும் தாய், மாலிப்டினம்-99. அதை ஈயக் கவசத்துக்குள் வைத்து அனுப்பிவிட்டால், போன இடத்தில் உப்புநீர் விட்டு மகளை மட்டும் கழுவி எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியை ‘மாடு’ என்றும் இதைக் ‘கறப்பது’ என்றும்தான் அவர்களும் சொன்னார்கள். விழுப்புரத்தில் இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து கறந்து ஊற்றிய காலம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மாடு ஊருக்கு வந்தால் கறக்க ஆள் வேணும். நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட் என்கிற தொழிலுக்கு அங்கே ஒரு தேவை பிறந்தது. வரலாறு எழுதுகிறவர்கள் செக்ரேவோடு நின்றுவிடுகிறார்கள். தினமும் காலையில் கறப்பது, தாய் மாலிப்டினம் கலந்து கசிந்திருக்கிறதா என்று சோதிப்பது, எலும்புக்கு ஒரு மருந்து, இதயத்துக்கு ஒரு மருந்து எனக் கலந்து அளப்பது, ஊசி போடுவது, எலும்பு ஸ்கேன் என்றால் மூணு மணி நேரம் காத்திருந்து படம் எடுப்பது, இவ்வளவும் அந்தக் கையின் வேலை. சட்டையில் டிஎல்டி பேட்ஜ். வருடத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது.

இந்தியாவில் இந்தத் துறைக்கு 1963இல் பம்பாய் பரேலில் கதிரியக்க மருத்துவ மையம் வந்தது. நம்ம பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் இன்று இதற்கென்றே பி.எஸ்ஸி. படிப்பு இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனத்து நோயாளிகள் காலங்காலமாகப் பஸ் ஏறிப் போகிற அதே ஜிப்மர்.

மாடே படுத்துவிட்ட காலமும் உண்டு. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கசிந்து நின்றது. மறுபடி ஓட 2010 ஆகஸ்ட் ஆனது. உலகம் முழுக்க ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

பெட் ஸ்கேனுக்கான ஃபுளோரின்-18 இன்னும் அவசரக்காரன். 110 நிமிஷத்தில் பாதி. சென்னையில் ஏற்றினால் ரெண்டு மணி நேரத்தில் திண்டிவனம் தாண்டும்போதே பாதிக்கும் குறைவு. மூணு மணி நேரத்தில் விழுப்புரம் வந்தால் மூணில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் இந்த வேலை பெரிய ஊர்களில்தான் அதிகம் கிடைக்கிறது, படித்த பிள்ளை ஊரை விட்டுப் போகத்தான் வேண்டியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு ‘நல்ல எதிர்காலம்’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டாக்டர் சீட் கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசு என்று பேசுவதிலும் இல்லை. அளவு தவறினால் படம் கெடும், படம் கெட்டால் புற்று பரவியிருப்பது தெரியாமலே போகலாம்.

ஜிப்மரிலோ புதுச்சேரியில் வேறெங்கோ இடம் கிடைத்துவிட்டால் ஊரிலிருந்தே போய்வரலாம். திண்டிவனத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். காலையிலேயே கறக்க வேண்டும் என்பதால் விடியுமுன் பஸ் பிடிக்கணும்.