செக்கும் சன்னதும்

போன மாசம் கோயம்புத்தூரில் ஒரு வக்கீல் நண்பரோடு வ.உ.சி. பூங்கா பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பேச்சு பார் கவுன்சில், வக்கீல்கள் மேல் வரும் புகார்கள் என்று போனது. "சன்னது போச்சுன்னா பாதி உசுரு போன மாதிரிதானுங்க" என்றார். அப்படிப் பாதி உயிரோடு பத்து வருஷத்துக்கும் மேல் வாழ்ந்தவர் பெயரில்தான் இந்தப் பூங்காவே இருக்கிறது என்றேன். அவர் நின்றுவிட்டார்.

கோவை என்றால் வ.உ.சி.யின் செக்குதான் எல்லோருக்கும் நினைவு வரும். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே ஆயுள் தண்டனை விதித்தார். கோவை மத்திய சிறையில் மாட்டுக்குப் பதில் செக்கிழுத்தார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. 1910இல் கண்ணனூருக்கு மாற்றினார்கள். 1912 டிசம்பரில் விடுதலை. இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். பாடத்தில் அதிகம் வராதது, அவருடைய பிளீடர் சன்னது பறிபோன கதை.

அன்றைக்கு வக்கீல்களைக் கட்டுப்படுத்தியது 1879ஆம் ஆண்டின் வழக்குத் தொழிலர் சட்டம். அதன் 12ஆம் பிரிவு, குற்றத் தீர்ப்பு பெற்ற பிளீடரை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தலாம் அல்லது நீக்கலாம் என்றது. ஆனால் எந்தக் குற்றமும் போதாது. தொழிலுக்குத் தகுதியில்லாத குணக்கேட்டைக் காட்டும் குற்றமாக இருக்க வேண்டும். கட்சிக்காரன் பணத்தை விழுங்கியவனுக்கு அது பொருந்தும், சரி. மேடையில் சுதேசியம் பேசியதில் என்ன குணக்கேடு? ராஜத்துரோகம் என்று தீர்ப்பானவரை அந்த அரசின் கோர்ட்டில் வாதாட விடமாட்டோம் என்பதுதான் விஷயம். அதற்குப் போட்ட சட்டை 'குணம்'.

வெளியே வந்தவருக்குக் கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. 1920களின் தொடக்கத்தில் கோவைக்கே குடிவந்தார். செக்கிழுத்த ஊரிலேயே வங்கி வேலை. கோவை வக்கீலும் பின்னாளில் பெரியபுராணத்துக்கு உரை எழுதியவருமான சி.கே. சுப்பிரமணிய முதலியார் அவருடைய நண்பர். வங்கிச் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. சன்னதைத் திரும்பத் தரும்படி விண்ணப்பித்தார்.

காலத்தைக் கவனியுங்கள். ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ராஜாஜி நல்ல வருமானத்தை உதறினார். காந்தியின் பெயரை லண்டன் இன்னர் டெம்பிள் 1922 நவம்பரில் நீக்கியது. 1988இல்தான் திரும்பச் சேர்த்தது. காந்திக்கு அதனால் சோற்றுக்குக் குறைவில்லை, தொழிலை அவர் எப்போதோ விட்டாயிற்று. வ.உ.சி. நிலை வேறு. இருப்பவர்கள் விடும் நேரத்தில் இவர் கேட்டார் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஒத்துழையாமையில் அவருக்கு உடன்பாடு கிடையாது, அதை வெளிப்படையாகவே சொன்னவர். தவிர, விடுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே!

வ.உ.சி.யை முன்பே அறிந்த இ.எச். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியதால் சன்னது திரும்பியது.

இன்றைக்கு நண்பர் போன்றவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம். விசாரிப்பதும் தண்டிப்பதும் பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு. கண்டிக்கலாம், இடைநிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். உச்ச நீதிமன்றம்வரை மேல்முறையீடு உண்டு. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் புதிதாகப் பதிவுசெய்ய வந்தால் 24ஏ பிரிவு தடுக்கும், ஆனால் விடுதலையாகி இரண்டு வருஷத்தில் அந்தத் தடை தீர்ந்துவிடும்.

"ரெண்டே வருஷமா?" என்று நண்பரே கேட்டார். ஆமாம். வ.உ.சி. காத்திருந்தது அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

சன்னது கைக்கு வந்ததும் கோவையை விட்டுக் கோவில்பட்டிக்குப் போய்த் தொழிலைத் தொடங்கினார். பிறகு தூத்துக்குடி. கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.