பொந்தியானாக்கும் சுமைதாங்கிக் கல்லும்

போன வாரம் ராத்திரி ஹாஸ்டலுக்கு நடந்து வரும்போது எங்கிருந்தோ பூவாசம். "செம வாசனைல்ல?"ன்னு கேட்டேன். கூட வந்த மலாய்க்கார நண்பன் பதிலே சொல்லாம வேகமா நடக்க ஆரம்பிச்சுட்டான். ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினப்புறம்தான் சொன்னான்: "ராத்திரியில பூ மணத்தா வாயைத் திறக்கக்கூடாதுடா, பொந்தியானாக்!"

பிரசவத்துல செத்த பொண்ணோட ஆவிதான் பொந்தியானாக். வாழைமரத்துல இருப்பாளாம். கழுத்துக்குப் பின்னால ஆணி அடிச்சா அழகான பொண்ணா மாறிடுவாளாம், பிடுங்கினா மறுபடி பேய்.

இந்தப் பேயை 1957ல சிங்கப்பூர் கேத்தே-கெரிஸ் ஸ்டுடியோ 'பொந்தியானாக்'ன்னே படமா எடுத்துச்சு. நாயகி மரியா மெனாடோ. இயக்குநர் யார் தெரியுமா? பி.என்.ராவ்! நம்ம 'ரம்பையின் காதல்' (1939), 'சாலிவாகனன்' (1945) எடுத்த அதே ஆளு.

கதையில சோமெல்னு ஒரு கூனி. மந்திர மருந்தால அழகியாகுறா. ஒரே நிபந்தனை, மனுஷ ரத்தம் நாக்குல படக்கூடாது. கல்யாணமாகி குழந்தையும் பிறக்குது. ஒருநாள் புருஷனைப் பாம்பு கடிக்குது, விஷத்தை உறிஞ்சி எடுக்கச் சொல்லிக் கெஞ்சுறான். உறிஞ்சுறா. பேயாகிடுறா. காப்பாத்தப் போனதுக்குக் கிடைச்ச தண்டனை!

படம் பெரிய ஹிட். அதே வருஷமும் 1958லயும் அடுத்தடுத்த பாகங்கள் வந்துச்சு. போட்டிக்கு ஷா கம்பெனியும் ஒரு பொந்தியானாக் படம் எடுத்துச்சு. ஆனா ராவோட முதல் ரெண்டு படங்களுக்கும் இன்னைக்குப் பிரதி இல்ல. மூணாவதான 'சும்பா பொந்தியானாக்' மட்டும்தான் மிச்சம். நானும் அதைத்தான் பார்த்தேன்.

இன்னொரு விஷயம். வால்டர் ஸ்கீட் 1900ல எழுதின மலாய் மாந்திரீகப் புத்தகத்துல ஒரு சடங்கு வருது. பிரசவத்துல செத்தவ பேயாகாம இருக்க வாயில கண்ணாடி மணி, அக்குள்ல முட்டை, உள்ளங்கையில ஊசி. கத்தக்கூடாது, கை விரிச்சுப் பறக்கக்கூடாதுன்னு.

படிச்சதும் எங்க ஊர் ரோட்டோர சுமைதாங்கிக் கல்லு ஞாபகம் வந்துச்சு. வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்காக நட்ட கல்லு. வழியில போறவங்க தலைச்சுமையை அதுல இறக்கி வச்சா அவளோட பாரமும் இறங்கும்னு நம்பிக்கை.

ரெண்டு ஊர்லயும் பயம் ஒண்ணுதான். பேய்னு சொன்னாலும், உள்ளே இருக்கிறது சாகக்கூடாத வயசுல செத்த ஒரு பொண்ணு. இங்க அவ கையைக் கட்டினாங்க, நாம கல்லு நட்டோம். அவளை உயிரோட காப்பாத்தத்தான் ரெண்டு பேருக்கும் அன்னைக்கு வழி தெரியல.

உங்க ஊர்ல சுமைதாங்கிக் கல்லு இன்னும் நிக்குதா? யாருக்காக நட்டதுன்னு பாட்டிகிட்ட கேட்டுச் சொல்லுங்க மக்களே.