கட்டாந்தரைக்காரர் – 7
எரியாத குழிகள்

போன வாரம் புர்க்கினா ஃபாசோ விவசாயி யகூபா சவாடோகோவை, அவர் வளர்த்த காடு எரிகையில் அதன் முன்னால் நிறுத்திவிட்டுப் பிரிந்தோம். வாருங்கள், மனிதர் இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

எரிவது வெறும் மரங்களா? பல வருட வியர்வை. மழை பொய்த்து, யாட்டெங்கா பகுதியின் கிராமங்கள் பிழைப்புத் தேடி ஊரைக் காலி செய்த நாட்களில், எதிர்த்திசையில் நடந்தவர் அவர். ஊவாகிகூயா சந்தையில் செய்துவந்த வியாபாரத்தை விட்டுவிட்டு, மண்வெட்டியோடு நிலத்துக்குத் திரும்பியவர்.

தீ வைத்தது யார்?

அக்கம்பக்கத்து ஜனங்கள்!

அவர்கள் பொல்லாதவர்களா? இல்லை. பயந்தவர்கள். மழை விழுந்த பிறகே மண்ணைத் தொடுவது அங்கே முன்னோர் வழக்கம். யகூபாவோ கொளுத்தும் கோடையிலேயே குழி வெட்டினார். ‘ஸாய்’ என்கிற அந்தக் குழியும் முன்னோர் விட்டுப்போனதுதான். அதை அவர் இன்னும் பெரிதாக்கினார். உள்ளே எருவைப் போட்டார். பஞ்ச காலத்தில் வழக்கத்தை மீறினால் என்ன ஆகுமோ! பைத்தியக்காரன் என்றார்கள். அவர் கேட்கவில்லை.

கொளுத்திவிட்டார்கள்.

இப்போது அவர் முன்னால் இரண்டே வழிகள். வியாபாரத்துக்கே திரும்பிப் போகலாம். அல்லது, மறுபடி முதலிலிருந்து.

சாம்பலுக்கு அடியில் மிஞ்சியது என்ன?

குழிகள்.

மரம் எரியும். குழி எரியுமா? எருவைத் தேடிக் கரையான் வரும். இறுகிய மண்ணைத் துளைக்கும். அந்தத் துளை வழியே மழைநீர் உள்ளே இறங்கும். முன்பெல்லாம் வழிந்தோடிய தண்ணீர் இப்போது வேரடியில் தங்கும். கம்பும் சோளமும் எழும். எருவோடு வந்த மர விதைகளும் கூடவே முளைக்கும். காடு வளர்க்கவா அவர் புறப்பட்டார்? வீட்டில் தானியம் வேண்டும் என்று புறப்பட்டார். தானியக் குதிர் நிரப்ப வெட்டிய குழிதான் காட்டையும் கொடுத்தது.

யகூபா மண்வெட்டியை எடுத்தார்.

அவர் செய்த இன்னொன்றுதான் என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. வித்தையை ஒளித்து வைக்கவில்லை. 1984 முதல் தன் நிலத்திலேயே ‘சந்தை நாள்’ நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து விவசாயிகள் வந்தார்கள். விதை மாற்றிக்கொண்டார்கள். குழி வெட்டக் கற்றார்கள். கையில் காசில்லாத புர்க்கினா ஃபாசோ விவசாயிக்கு இதைவிடப் பெரிய வளர்ச்சித் திட்டம் எது? முதலீடு ஒரு மண்வெட்டி, கொஞ்சம் எரு, கோடை முழுக்க உழைப்பு. லாபம், ஊரைவிட்டு ஓடாமல் உண்ணும் சோறு.

எரிந்த காடு திரும்பி வந்தது. 60-க்கும் மேற்பட்ட வகை மரம் செடிகளோடு வந்தது.

கூடவே இன்னொன்றும் வந்தது.

விலை!

யாரும் சீந்தாத கட்டாந்தரையாகக் கிடந்த மண் அது. பின்னாளில் ஊவாகிகூயா நகரம் வளர்ந்து வளர்ந்து காட்டோரம் வரை வந்துவிட்டது. நிலத்தை மனைகளாகப் பிரித்தார்கள். தன் கையால் வளர்த்த காட்டை யகூபா காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றார்கள்!

தீயை ஜெயித்துவிட்டார். அளவைக் கல்லை?

(அடுத்த வாரம்)