இணையாத இருப்புப்பாதைகள்: பாலக்காடு – இடுக்கி எல்லையில் பயணத் திட்டமிடலின் வரலாறு

இந்திய இருப்புப்பாதையை நாட்டை ஒன்றாக்கிய வலையமைப்பாகக் காண்பது வரலாற்றெழுத்தில் நிலைபெற்ற வழக்கம். தலைநகரிலிருந்து நோக்கினால் அக்கூற்றுப் பொருந்தும். எல்லைப்புறத்திலிருந்து நோக்குகையில், இரண்டு பாதைகள் எங்கே இணையாமல் நின்றன என்பதே முதன்மையான வினாவாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் இதற்குத் தக்க சான்றுகள்.

சென்னை ரயில்வே கம்பெனியின் அகலப்பாதை 1862இல் பாலக்காட்டுக் கணவாயின் வழியே போத்தனூரையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்தது. அப்பாதை ஊர்களை மட்டுமன்றிக் காலக்கணக்கையும் இணைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்திய இருப்புப்பாதைகளுக்குச் சென்னை நேரமே பொது நேரமாயிற்று. தீர்க்கரேகைக் கணக்கின்படி அது பாலக்காட்டின் சூரிய நேரத்தைவிட ஏறத்தாழ 14 நிமிடம் முந்தியது. வெயிலைப் பார்த்துப் பொழுதறிந்து புறப்பட்டவர் வண்டியைத் தவறவிட அந்த இடைவெளியே போதும். ஆகவே, பயணம் திட்டமிடுதல் என்பது முதலில் வேற்றூரின் கடிகாரத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதாக இருந்தது. இந்தியப் பொது நேரம் 1905-06இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த இடைவெளி பாதையின் அகலத்தில் இருந்தது. தென்னிந்திய ரயில்வே 1928இல் திண்டுக்கல் – பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதையையும், 1932இல் பொள்ளாச்சி – பாலக்காடு பாதையையும் திறந்தது. மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம் ஆகிய ஊர்களுக்குப் பழனியும் மதுரையும் இதனால் அண்மையாயின. ஆனால் ஒரு பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். மற்றதன் அகலம் 1,000 மில்லிமீட்டர். ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. 1908 முதல் ஜோலார்பேட்டை – மங்களூர் அகலப்பாதையும் தென்னிந்திய ரயில்வேயின் கீழ் வந்திருந்தமையால், இது இரு கம்பெனிகளின் போட்டியால் மட்டும் நேர்ந்த பிளவு அன்று. நிர்வாகம் ஒன்றாயிருந்தும் பாலக்காட்டில் பயணி மூட்டையுடன் இறங்கி வண்டி மாறவேண்டியிருந்தது. அப்பயணத்தில் கால அட்டவணையின் ஒரு வரியை மட்டும் நம்பிப் பயனில்லை. ஒரு வண்டி வந்துசேரும் நேரத்துக்கும் மற்றது புறப்படும் நேரத்துக்கும் இடைப்பட்ட பொழுதே பயணத்தை முடிவுசெய்தது.

இடுக்கியின் வரலாறு இதனினும் துயரமானது. மூணாறு மலையில் 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. அதில் எருதுகள் வண்டிகளை இழுத்தன. 1908இல் அதற்கு மாற்றாக இரண்டடி அகலமுள்ள குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில்வே உருவாயிற்று. முதன்மையாகத் தேயிலைக்காகவே அமைந்த அப்பாதை மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சென்றது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே சரக்கு கீழே கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிப்பாதையில் போடிநாயக்கனூரை அடைந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மலைப்பாதையை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் மலையாளிகள் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பர். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். மேலிருந்த பாதை மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின் கீழிருந்த பாதை வந்தது. இரண்டும் ஒருநாளும் சந்திக்கவில்லை.

போடிப் பாதையும் நிலைத்திருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில்தான் வண்டிகள் மீண்டும் ஓடின. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்ட அப்பாதையில், போடி வரையிலான பயணியர் சேவை 2023 ஜூனில்தான் திரும்பியது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பொள்ளாச்சி – பாலக்காடு பாதையும் 2008 முதல் 2015 வரை மூடிக்கிடந்தது. அது அகலப்பாதையாகத் திறக்கப்பட்டபோதும், மீட்டர்கேஜ் காலத்தில் இராமேசுவரத்துக்கு ஓடிய நேரடி வண்டி உடனே மீளவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். பாதை என்பது கட்டுமானம். சேவை என்பது முடிவு. 1992இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டம் முதலாவதைச் சீராக்கியது. எந்த வண்டி, எந்த நேரத்தில், எந்தச் சிற்றூரில் நிற்கும் என்பதை அது தீர்மானிக்கவில்லை. மூட்டையுடன் வண்டி மாறும் தொல்லை நீங்கியது உண்மை. ஆயினும் புதிய பாதையில் விரைந்து செல்லும் தொலைதூர வண்டி, தான் நிற்காத ஊருக்கு ஓசையை மட்டுமே தரும்.

இடுக்கி மாவட்டத்தில் இன்றும் பயணியர் ரயில் இல்லை. 1997-98இல் ஒப்புதல் பெற்ற, தொடுபுழை வழியாகச் செல்லவேண்டிய அங்கமாலி – சபரிப் பாதை காலடியைத் தாண்டவில்லை. மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ரயிலேற வேண்டுமெனில், கிழக்கே போடிக்கோ மேற்கே ஆலுவாவுக்கோ பேருந்தில் இறங்கியாகவேண்டும். இணையவழி முன்பதிவு 2002 முதல் நடைமுறையில் உள்ளது. இருக்கை எளிதாகக் கிடைக்கலாம். மலையிறங்கும் பேருந்தின் நேரம் அந்தத் திரையில் இல்லை.

எனவே, பயணத் திட்டமிடலின் வரலாற்றை அச்சிட்ட அட்டவணைகளின் வரலாறாக மட்டும் எழுதுதல் போதாது. அட்டவணையின் இரு வரிகளுக்கு இடையே காத்திருந்தவரின் பொழுதும் அவ்வரலாற்றின் பகுதியே. வலையமைப்பு எங்கெங்கு சென்றது என்பதை நிர்வாக ஆவணங்கள் விரிவாகச் சொல்கின்றன. அது எங்கே நின்றுபோனது, அங்கிருந்து மக்கள் எவ்வாறு சென்றனர் என்பனவே எல்லைப்புற ஆய்வுக்குரிய வினாக்கள்.